இந்த மெஷின் என்ன மரம் அறுத்தது?

ஜொகூரின் ஸ்கூடாயில் தச்சுப் பட்டறை வைத்திருப்பவன் பழைய மெஷின் தேடி அதிகம் அலைய வேண்டியதில்லை. வடக்கே நெடுஞ்சாலையில் சுமார் இரண்டு மணி நேரம் ஓட்டினால் மூவார். மலேசியாவின் மரச்சாமான் ஆலைகள் வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாக இல்லை. தெற்கே பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூரின் சுங்கை காடுட், மர ஆலைகளுக்கென்றே பேர்போன வட்டாரம். இடையில் செனாய், கூலாய், கங்கார் பூலாய், உலு திராம் என்று எந்தத் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தாலும் ஒரு கேபினட் கடை திறந்துகொண்டிருக்கும், இன்னொன்று மூடிக்கொண்டிருக்கும். மூடுகிற கடைக்குத்தான் நான் போவேன்.

என் பட்டறை தாமான் யுனிவர்சிட்டி பக்கம், கார் பட்டறைகளுக்கு நடுவே ஒரு கடைவரிசையில் இருக்கிறது. கதவு, வாசக்கால், சமையலறைக் கேபினட், தீபாவளி நெருங்கினால் சாமி மேடை. ரம்பத் தகடும் கத்தியும் தவிர அங்கே புதிதாக வாங்கியது என்று எதுவும் இல்லை. பழைய மெஷின் விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் வியாபாரிகளும் ஜொகூரில் இருக்கிறார்கள். கழுவி, பெயின்ட் அடித்து, பேரிங் மாற்றி, கொஞ்ச நாள் உத்தரவாதத்தோடு தருவார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் முதலில் கழுவித் தள்ளுவது எதுவோ அதைத்தான் நான் பார்க்க வேண்டும். மெஷினின் அடிவயிற்றில் படிந்த தூள், ஓரமாகச் சாய்த்து வைத்த துண்டுப் பலகை, ஆணியில் தொங்கும் தேய்ந்த தகடுகள், எண்ணெய் டப்பா இருக்கிறதா இல்லையா என்பது. சொந்தக்காரரிடம் நேராகப் போனால்தான் இதெல்லாம் கண்ணில் படும்.

போனதும் விலையும் கேட்க மாட்டேன், எத்தனை வருஷம் ஆச்சு என்றும் கேட்க மாட்டேன். "தவுக்கே, பொத்தோங் காயு அப்பா?" முதலாளி, என்ன மரம் அறுத்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் வரும் பதில் "மச்சாம்-மச்சாம்." எல்லாமும்தான். சரி என்று தலையாட்டிவிட்டு, மெஷினின் அடிக்கதவைத் திறந்து ஒரு பிடி தூளை அள்ளுவேன். மேலே இருப்பது போன மாதத்து வேலை, மூலையில் இறுகிக் கிடப்பது பல வருஷத்து வேலை. ரப்பர் மரத்தூள் வெளுத்த சந்தன நிறத்தில் லேசாகப் புளித்த வாடை அடிக்கும். மெராந்தி சிவக்கும். செங்கால் மஞ்சளாக விழுந்து, நாளாக நாளாகப் பழுப்பாகும், கையில் கனமாகத் தெரியும். எம்டிஎஃப் பலகையின் தூள் மாவாக விரலிடுக்கில் ஒட்டும், நடுவே மெலமின் சில்லுகள் வெள்ளையாக மின்னும். தவுக்கே சொன்னதும் தூள் சொல்வதும் ஒத்துப்போனால் மேற்கொண்டு பேசலாம்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று பட்டறைப் பையன்கள் கேட்பார்கள். ஒவ்வொரு மரமும் மெஷினை வேறு வேறு இடத்தில் தேய்க்கிறது.

ரப்பர் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என் அம்மா தோட்டத்தில் பால் வெட்டிய அதே மரம்தான். சுமார் 25 வருஷம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை ஒரு காலத்தில் விறகாக்கினார்கள், இல்லையென்றால் தோட்டத்திலேயே வைத்து எரித்தார்கள். போரான் உப்புக் கரைசலில் ஊறவைத்து, சூளையில் உலர்த்தினால் வண்டும் நீலப் பூஞ்சையும் அண்டாது என்பது கைக்கு வந்த பிறகு, 1980களில் அது மரச்சாமான் மரமானது. மூவாரில் இன்று ஆலைகள் நிற்பது பெரும்பாலும் அதன் மேல்தான். மரத்துக்குள் மிச்சமிருக்கும் பால் ரம்பப் பல்லில் பிசினாக ஒட்டும், தகடு சூடாகும், மோட்டார் திணறும். இதைவிடப் பெரிய சேதம் ஓட்டத்தால் வருவது. ஏற்றுமதி ஆலையில் ஒரு மல்டி-ரிப் ரம்பமோ மோல்டரோ காலையில் போட்டால் இரவு வரை நிற்காது. மரம் லேசானது, துண்டுகளும் குட்டையானவை என்பதால் மேசை நன்றாகவே இருக்கும். தேய்ந்திருப்பது பேரிங், ஷாஃப்ட், மரத்தை இழுத்துக்கொடுக்கும் சங்கிலி. அந்த மெஷின்களை வாங்கலாம். பேரிங்கும் சங்கிலியும் புதிதாகப் போட ஆகும் செலவை மனதுக்குள் கழித்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.

வாசக்கால் கடையின் மெஷின் இதற்கு நேர்மாறு. உலர்ந்த செங்கால் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் போகும். எட்டடி ஒன்பதடி சட்டத்தைத் தூக்கி இழைப்பு மெஷினின் முன் மேசையில் தொப்பென்று போட்டுத் தள்ளிக்கொண்டே இருந்தால், கத்தி உருளைக்கு முன்னால் உள்ள இரும்பு மெல்லப் பள்ளமாகும். மேசை ஏறி இறங்கும் சாய்வுச் சட்டங்கள் தேய்ந்து, இரண்டு மேசைகளின் வெளி நுனிகளும் தொங்கிப்போகும். தொங்கிய மேசையில் எவ்வளவு இழைத்தாலும் பலகை நேராகாது. குருயிங் வந்தால் இன்னும் மோசம். அந்த மரத்தில் சிலிக்கா உண்டு, மணலை அறுப்பது போலத்தான். பல் மழுங்கும், மழுங்கினால் ஆள் அழுத்தித் தள்ளுவான், அழுத்தினால் மோட்டாரின் சுற்று வேகும். பேரிங் என்னவோ அங்கே நன்றாக இருக்கும், நாள் முழுக்க ஓடாத மெஷின் அல்லவா.

கேபினட் கடைப் பேனல் ரம்பம் பாரம் சுமப்பதே இல்லை. எட்டுக்கு நாலு பலகை வழுக்குமேசையில் படுத்தபடி போகும். எம்டிஎஃப் நுண்தூள்தான் அதற்கு எமன். தண்டவாளத்தில் புகுந்து உருளைகளை அரிக்கும், மோட்டார் விசிறியை அடைக்கும், சுவிட்சின் தொடுமுனையில் படிந்து பொறி பறக்க வைக்கும். வழுக்குமேசையைக் கடைசிவரை வெளியே இழுத்து, நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். கட்கட்டென்று சத்தம் வந்தால் உருளையோ தண்டவாளமோ போய்விட்டது. உருளை மாற்றலாம், தண்டவாளம் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். பெரிய தகட்டுக்கு முன்னால் எதிர்த்திசையில் சுற்றும் சின்னக் கீறல் தகடு இருக்கிறதே, அதைக் கழற்றிப் பார்த்தாலே அந்தக் கடையின் ஒழுங்கு தெரிந்துவிடும். அதைச் சரியாக வைக்கத் தெரியாதவர்கள் அதை ஓட்டுவதையே நிறுத்தியிருப்பார்கள்.

இந்த வழுக்குமேசை ரம்பத்தை 1906இல் வில்ஹெல்ம் ஆல்ட்டன்டார்ஃப் என்ற ஜெர்மானியத் தச்சர் உருவாக்கினார். அந்தப் பெயர் போட்ட மெஷின் சிங்கப்பூர்ப் பக்கமிருந்து விலைக்கு வந்தால் இங்கே கூட்டம் கூடும். எனக்கு அந்த மோகம் இல்லை. ஜொகூர் பாருவிலேயே உதிரி கிடைக்கிற தைவான் மெஷின், உதிரிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வைக்கும் ஜெர்மன் மெஷினைவிட என் மாதிரிப் பட்டறைக்கு மேல். இன்னொன்றும் பார்க்க வேண்டும். தகடு மாட்டும் துளை ஐரோப்பிய மெஷினில் 30 மில்லிமீட்டர், கிழக்காசிய மெஷின் பலவற்றில் 25.4. கையிருப்பில் உள்ள தகடுகள் எல்லாம் ஒரே அளவாக இருந்தால் மெஷினும் அந்த அளவிலேயே வாங்குவதுதான் லாபம்.

எனக்குப் பிடித்த விற்பனையாளர் கங்கார் பூலாய்ப் பக்கம் இருந்த ஒரு வயதான சீனர். எண்பதுகளில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் தாமான் குடியிருப்புகள் எழும்பிக்கொண்டிருந்தபோது வீட்டுக் கதவு செய்து பிழைத்தவர். பிள்ளைகள் எல்லாரும் சிங்கப்பூரில். அவரிடம் ஒரு வாட்கின் இழைப்பு மெஷின் இருந்தது. 1897இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் தொடங்கிய கம்பெனி, வார்ப்பிரும்பைக் கஞ்சத்தனம் இல்லாமல் ஊற்றியவர்கள். மேல்பெயின்ட் உரிந்து அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது, மேசை மட்டும் கண்ணாடி. கோணிச்சாக்கு போர்த்தி, அதன் மேல் பலகை வைத்து மூடியிருந்தார். நான் நேர்பட்டையை எடுப்பதற்கு முன்பே, "முன் மேசை உதட்டில் கொஞ்சம் பள்ளம் இருக்கு, அளந்து பார்" என்றார். ஃபீலர் தகடு 0.2 மில்லிமீட்டர் நுழைந்தது. உதடு மட்டும்தான், மற்ற இடமெல்லாம் நேர்.

"போலே குராங்?" என்றேன், விலை குறையுமா என்று. ஒரு வெள்ளி குறைக்கவில்லை. எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு செட் கத்தி, கத்தி உயரம் வைக்கும் கருவி, உருளையின் ஆப்பைக் கழற்றும் அசல் ஸ்பேனர். மெஷினோடு பிறந்த அந்தச் சாவி இல்லாமல் எத்தனையோ இழைப்பு மெஷின்களின் திருகுத் தலைகள் உருண்டையாகிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்ட விலையைக் கொடுத்தேன். பேரம் பேசாமல் வாங்கினேன் என்று பட்டறையில் யாரிடமும் சொல்லவில்லை, அவர்கள் பிறகு என் பேச்சை மதிக்க மாட்டார்கள்.

எல்லாரும் அவரைப் போல இல்லை. மெஷினைப் பார்க்கப் போகும்போது ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: நான் வருவதற்கு முன் ஓட்ட வேண்டாம். போனதும் பேச்சுவாக்கில் மோட்டாரின் மேல் கையை வைப்பேன். சூடாக இருந்தால் குளிர்ந்த நிலையில் அது கிளம்ப மறுக்கிறது, அல்லது பேரிங் சத்தம் சூடான பின்தான் அடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒரு கோப்பி குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய், ஆறிய பிறகு திரும்பி வந்து போட்டுப் பார்ப்பேன். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையால் சுற்ற வேண்டும். பேரிங்கில் கரகரப்பு இருந்தால் விரலுக்கே தெரியும். பிறகு தகட்டைக் கழற்றி, அது உட்காரும் முகத்தில் டயல் கேஜ் வைத்துப் பார்ப்பேன். முகத்தில் 0.05 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் 300 மில்லிமீட்டர் தகட்டின் பல்லில் அது மூன்று மடங்காகத் தெரியும். கடைசியில் ஓடவிட்டு நிறுத்தி, அது தானாக நிற்கும்வரை காது கொடுத்துக் கேட்பேன். ஓடும்போது மறைந்திருக்கும் சத்தம் வேகம் குறையும்போது வெளியே வரும்.

துருவுக்குப் பயப்பட மாட்டேன். ஜொகூரின் ஈரக்காற்றில் ஒரு மழை ராத்திரி போதும், மேசை ஆரஞ்சு நிறமாகிவிடும். தேய்த்து மெழுகு பூசினால் போய்விடும். எண்ணெய் பூசக்கூடாது, அது பலகையில் ஏறிக் கறையாகும், பாலிஷ் பிடிக்காது. நகம் மாட்டுகிற அளவுக்குக் குழி விழுந்த துரு வேறு விஷயம். பெல்ட், சுவிட்ச், வயர், மூடி, இவையெல்லாம் கடையில் கிடைப்பவை. வெடித்த வார்ப்பிரும்பு கிடைக்காது. புதுப் பெயின்ட் ஒரே ஒரு இடத்தில் மட்டும் தடிப்பாக இருந்தால் அங்கே சுத்தியலின் பிடியால் மெல்லத் தட்டிப் பார்ப்பேன். முழு இரும்பு கணீரென்னும், ஒட்டுப்போட்டது மந்தமாகப் பேசும்.

மின்சாரத்தில்தான் இந்தப் பக்கம் பலரும் ஏமாறுகிறார்கள். 2008 முதல் மலேசியாவின் மின்னழுத்தம் 230/400 வோல்ட், அதற்கு முன் 240/415. சிங்கப்பூரிலும் 230/400, இரண்டு நாட்டிலும் 50 ஹெர்ட்ஸ். ஆகவே சுங்கை காடுட்டிலிருந்து வரும் மெஷினை அப்படியே மாட்டலாம். ஜப்பானிலிருந்து வந்த பழைய மெஷினை அப்படி மாட்டினால் புகைதான் வரும். அவர்களுடைய மூன்று ஃபேஸ் 200 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இங்கே ஓடாது. தைவானிலும் அமெரிக்காவிலும் 60 ஹெர்ட்ஸ். அங்கேயே ஓட்டுவதற்கென்று செய்த மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், 3450 என்று தகட்டில் அச்சடித்திருந்தாலும் 2900க்குக் கீழேதான். இழைத்த பலகையில் அலைகள் அகலமாக விழும். மோட்டார்ப் பக்கப் புல்லியை ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக்கினால் கத்தியின் வேகம் திரும்பக் கிடைக்கும், ஆனால் மோட்டாருக்குப் பாரம் கூடும், அதன் சூட்டைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுத் தச்சு பழகும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். சிங்கப்பூருக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் பையன்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மரத்தூள் மணக்க வேண்டும் அவர்களுக்கு. வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான் இருக்கும். ஆலைக்காரர்கள் மலிவாகத் தருவதோ திரி ஃபேஸ் மெஷின். அவர்களிடம் நான் சொல்வது, மோட்டாரின் பெயர்த்தகட்டைப் படம் எடுத்து அனுப்பு தம்பி என்பதுதான். அதில் 230/400 என்று இருந்தால் டெல்டாவாகக் கட்டி, சிங்கிள் ஃபேஸ் வாங்கித் திரி ஃபேஸ் கொடுக்கும் இன்வெர்ட்டரில் ஓட்டலாம். மூன்று குதிரைசக்தி வரை தொல்லை இல்லை. 400/690 என்று இருந்தால் அந்த இன்வெர்ட்டருக்கு அது எழும்பாது, மோட்டாரையே மாற்ற வேண்டும். இந்த ஒரு படத்தால் மிச்சமாகும் பணம் எந்தப் பேரத்திலும் மிச்சமாகாது. வயரிங்கை உரிமம் பெற்ற வயர்மேனிடம் விட்டுவிடுங்கள், இன்வெர்ட்டர் என்றாலும் அப்படித்தான்.

மெஷின் விற்பவருக்குச் சொந்தமா என்பதையும் பார்க்க வேண்டும். வங்கித் தவணை முடியாத மெஷினை விற்கிறவர்கள் உண்டு. அசல் ரசீதும் கடன் தீர்த்த கடிதமும் கேட்பேன். கடை வாடகை பாக்கி என்றால் இன்னொரு சிக்கல். 1951ஆம் ஆண்டின் டிஸ்ட்ரெஸ் சட்டப்படி, கடை உரிமையாளர் நீதிமன்ற உத்தரவு வாங்கி உள்ளே இருக்கும் சாமான்களைப் பிடித்துவைக்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் பணத்தை மாலையில் கொடுத்துவிட்டு, லோரி நாளைக்கு வரும் என்று வீட்டுக்குப் போனார். காலையில் கதவில் சங்கிலி. அதனால் நான் முன்பணம் மட்டும் கொடுப்பேன், மிச்சத்தை மெஷின் லோரியில் ஏறிய பிறகு கையில் எண்ணிக் கொடுப்பேன். சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தால் கே1 இறக்குமதிப் படிவமும் சுங்க முகவரும் தேவை. அந்தச் செலவைக் கேட்டபின் பலருக்கு ஆசை விட்டுப்போகும். ஆனாலும் 1998இல் இரண்டாவது பாலம் திறந்தபின் ஸ்கூடாய்க்காரனுக்கு அந்தப் பக்கம் கிட்டத்தில்தான் இருக்கிறது. 2020இல் சிங்கப்பூரின் தொழில்நில அமைப்பான ஜேடிசி சுங்கை காடுட்டைப் புதுவிதத் தொழில் வட்டாரமாக மாற்றப்போவதாக அறிவித்ததிலிருந்து பழைய மர ஆலைகள் பக்கம் நான் ஒரு கண் வைத்திருக்கிறேன்.

வாங்குவதற்குக் காலமும் உண்டு. சீனப் புத்தாண்டுக்கு முன் கடனை அடைத்துவிட வேண்டும் என்பது சீனர்களின் வழக்கம். அந்த வாரங்களில் மூடுகிற கடைக்காரர் ரொக்கத்தைப் பார்த்தால் இறங்கிவருவார். 2020 மார்ச் 18இல் கொவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்த பிறகு ஏராளமான மெஷின்கள் விலைக்கு வந்தன. அந்த நாட்களில் நான் பேரம் பேசவில்லை. விற்பவரின் முகத்தைப் பார்த்தால் பேச வராது.

விலை முடிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. பேனல் ரம்பம் சுமார் ஒரு டன். கிரேன் பொருத்திய ஹையாப் லோரிக்காரரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும், பட்டையை அடிச்சட்டத்துக்குக் கீழே கொடுத்துத்தான் தூக்க வேண்டும் என்று. வழுக்குமேசையைக் கழற்றித் தனியாகப் போர்வையில் சுற்றிக்கொள்ளலாம். இழைப்பு மெஷினை மேசையில் பட்டை மாட்டித் தூக்கினால் அத்தனை வருஷம் நேராக இருந்த மேசை அந்த ஐந்து நிமிஷத்தில் கோணலாகும். லோரிக்கார அண்ணனுக்கு அவசரம் அதிகம், அவரைப் பசியாறப் போகச் சொல்லிவிட்டு நானே பட்டை மாட்டுவேன்.

இப்போது விலைக்கு வருகிற மெஷின்களில் சிஎன்சி ரவுட்டர்களும் சேர்ந்துவிட்டன. கேபினட் கடைகள் மூடும்போது பேனல் ரம்பத்துக்குப் பக்கத்தில் அதுவும் நிற்கிறது. அடிக்கதவைத் திறந்து தூள் பார்க்கிற என் வித்தை அங்கே செல்லாது, எல்லாவற்றிலும் ஒரே எம்டிஎஃப் மாவுதான். இப்படி ஒன்றைப் பார்க்க என் அக்கா மகன் உலு திராமுக்கு என்னைக் கூட்டிப்போனான். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. அதை ஓட்டும் கம்ப்யூட்டர் விண்டோஸ் எக்ஸ்பி, உள்ளே சொருகிய ஒரு கார்டு போனால் முழு மெஷினும் நின்றுவிடும். மாற்றுக் கார்டு இருக்கிறதா, மென்பொருளின் சிடி இருக்கிறதா, பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும் என்று அவன் அடுக்கடுக்காகக் கேட்டான். விற்பவர் முன்பு வேலை செய்த பையனுக்குப் போன் போட்டார். அந்தப் பையன் இப்போது சிங்கப்பூரில், வேலை நேரத்தில் எடுக்கவில்லை. அக்கா மகன் எழுந்துகொண்டு, "பாஸ்வேர்டு கிடைச்சா வாங்கிக்கிறேன் பொஸ்" என்றான். விற்பவர் விலையில் ஆயிரம் வெள்ளி குறைத்தார். அவன் அசையவில்லை.

நான் அதற்குள் சுவரோரம் இருந்த ஒரு பேண்ட் சாவின் கீழ்க்கதவைத் திறந்துவிட்டேன். சிவப்புத் தூள், மெராந்தி.

"பொஸ், இது எவ்வளவு?"